பாட்டும் சுரதாளக் குறிப்பும்: திருகோணமலையில் சங்கீதம் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருநூறு வருடத்துக்கு முந்திய கிருதிகளை இன்றைக்கும் பாடுகிறோமே, சலிக்காதா?

சலிக்காததற்குக் காரணம் உருப்படிகளின், அதாவது பாடல்களின், கட்டமைப்பிலேயே இருக்கிறது. சியாமா சாஸ்திரிகள் (1762–1827), தியாகராஜ சுவாமிகள் (1767–1847), முத்துசாமி தீட்சிதர் (1835இல் மறைந்தவர்) ஆகிய மும்மூர்த்திகளின் கிருதிகளில் ஒரே அடி பல சங்கதிகளாக, அதாவது மெட்டின் வேறுபட்ட வடிவங்களாக, விரிந்துகொண்டு போகும். முதல் சங்கதி ராகத்தின் உருவத்தைக் காட்டும். அடுத்தடுத்த சங்கதிகள் அதே சொற்களை வைத்துக்கொண்டு மேலே மேலே ஏறும். பத்து வயதில் வரிசையாகப் பாடம் பண்ணிய சங்கதிகளை இருபத்தைந்து வயதில் பாடும்போதுதான், மூன்றாவது சங்கதி ஏன் தைவதத்தில் (த) நிற்கிறது என்பது காதில் விழும். பாட்டு மாறவில்லை, கேட்கும் காது வளர்ந்திருக்கிறது. அதனால்தான் பழைய கொப்பியை எறியாதீர்கள் என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

சுரதாளக் குறிப்பை எப்படி வாசிப்பது? ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

மலகரி ராகத்தில், ரூபக தாளத்தில், எல்லோரும் முதலில் படிக்கும் புரந்தரதாசரின் பிள்ளையார் கீதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கம் இப்படி இருக்கும்:

ம ப | த ச' ச' ரி' || ரி' ச' | த ப ம ப ||
ரி ம | ப த ம ப || த ப | ம க ரி ச ||

ஒற்றைக் கோடு தாளத்தின் ஓர் அங்கம் முடிவதைக் காட்டும். இரட்டைக் கோடு ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, முடிவதைக் காட்டும். ரூபகத்தில் முதலில் ஒரு த்ருதம், அதாவது ஒரு தட்டும் ஒரு வீச்சுமாக 2 அட்சரம் (தாள எண்ணிக்கை). பிறகு சதுஸ்ர லகு, அதாவது ஒரு தட்டும் சிறுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கையுமாக 4 அட்சரம். மொத்தம் 6. மேலே இரட்டைக் கோடுகளுக்கு இடையில் உள்ள எழுத்துக்களை எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஆறுதான் வரும்.

மேல் ஸ்தாயி (உயர்ந்த ஒலிமட்டம்) சுரத்துக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பதுதான் புத்தக வழக்கம். கணினியில் அந்தப் புள்ளி சரியாக விழாததால் இங்கே ச', ரி' என்று குறி போட்டிருக்கிறோம். புள்ளி இல்லாத எழுத்து மத்திய ஸ்தாயி.

குறில் எழுத்து (ச, ரி, க) ஒரு மாத்திரை. நெடில் (சா, ரீ, கா) இரண்டு மாத்திரை. காற்புள்ளி ஒரு மாத்திரை நீட்டம், அரைப்புள்ளி இரண்டு மாத்திரை நீட்டம். சுரங்களின் மேலே அல்லது கீழே ஒரு கோடு ஓடினால் அவை இரட்டிப்பு வேகம், அதாவது இரண்டு சுரம் ஒரு மாத்திரைக்குள் அடங்கும். இரண்டு கோடு ஓடினால் நான்கு சுரம் ஒரு மாத்திரைக்குள்.

கிருதியில் எண்ணினால் கணக்கு இடிக்கிறது. எங்கே பிழைக்கிறோம்?

கீதத்தில் ஒரு அட்சரத்துக்கு ஒரு சுரம். கிருதிகளிலும் வர்ணங்களிலும் பெரும்பாலும் ஒரு அட்சரத்துக்கு நான்கு மாத்திரை. ஆதி தாளத்தின் 8 அட்சரம் இப்படி 32 மாத்திரையாகிறது: லகுவுக்கு 16, த்ருதங்களுக்கு 8, 8. கீதக் கணக்கிலேயே கிருதியை எண்ணினால் ஒருபோதும் பொருந்தாது.

சரிபார்க்க ஒரு சிறு துண்டு: கா , ரி ச ரி க ம. கா இரண்டு, காற்புள்ளி ஒன்று, ரி ஒன்று, ஆக நான்கு. ச ரி க ம இன்னொரு நான்கு. மொத்தம் 8 மாத்திரை, 2 அட்சரம்.

அதற்குப் பிறகும் இடித்தால் முதலில் வேகக் கோடுகளைப் பாருங்கள். போட்டோக்கொப்பியில் முதலில் அழிந்துபோவது அந்த மெல்லிய கோடுதான். ஒரு வரியில் 32க்குப் பதில் 36 வந்தால் எங்கோ எட்டுச் சுரங்களுக்கு மேலிருந்த கோடு காணாமல் போயிருக்கும். 31 வந்தால் பெரும்பாலும் ஒரு காற்புள்ளி விழுந்திருக்கும்.

சுரத்துக்குப் பக்கத்தில் க3 என்று இருக்கிறது. கீழே சாகித்திய வரியிலும், அதாவது பாட்டின் சொற்கள் உள்ள வரியிலும், க3 இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பத்தில் விழாத பிள்ளை குறைவு. சுர வரியில் க3 என்றால் அந்தர காந்தாரம். க2 சாதாரண காந்தாரம், க1 சுத்த காந்தாரம். சாகித்திய வரியில் அந்த எண் உச்சரிப்புக்கானது. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் ககர வரிசையில் நான்கு ஒலிகள் உண்டு. தமிழில் ஒரே எழுத்து. ஆகவே க1 வல்லோசை, க2 அதன் மூச்சொலி, க3 'தங்கம்' என்ற சொல்லில் வரும் மெல்லிய ககரம், க4 அதன் மூச்சொலி. ச, ட, த, ப வரிசைகளுக்கும் இதே முறைதான். மேல்வரி எண் சுரத்தானம், கீழ்வரி எண் நாக்குக்கு என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

உச்சரிப்பு எண்ணைக் கவனிக்காமல் பாடம் பண்ணிவிட்டால், தெலுங்குச் சொல்லின் பொருளே மாறிப்போகும். பிறகு திருத்த எடுக்கும் காலம் புதிதாகப் பாடம் பண்ணுவதைவிட அதிகம்.

அச்சுப்பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ராகத்தின் ஏறுவரிசையும் இறங்குவரிசையுமான ஆரோகண அவரோகணம்தான் முதல் சோதனை. மலகரியின் ஆரோகணம் ச ரி1 ம1 ப த1 ச', அவரோகணம் ச' த1 ப ம1 க3 ரி1 ச. இந்த ராகத்தில் நிஷாதம் (நி) கிடையாது. காந்தாரம் இறங்கும்போது மட்டும் வரும். மேலே கொடுத்த வரியில் "ரி ம ப த" என்று ஏறும்போது க இல்லாததையும், "ம க ரி ச" என்று இறங்கும்போது க இருப்பதையும் பாருங்கள். உங்கள் கொப்பியில் "ரி க ம ப" என்றோ, எங்காவது நி என்றோ இருந்தால் அது பிழை. பாஷாங்க ராகங்களில் மட்டும் அந்நிய சுரம் நியாயமாகவே வரும். அங்கே ஆசிரியரைக் கேட்காமல் திருத்தக் கூடாது.

இரண்டாவது சோதனை பாய்ச்சல். "த ச' ச' ரி'" என்ற இடத்தில் ரி-யின் மேற்புள்ளி விழுந்துவிட்டால், மேல் சட்ஜத்திலிருந்து மத்திய ஸ்தாயி ரிஷபத்துக்கு ஒரேயடியாகக் குதிக்க வேண்டிவரும். ஆரம்பப் பாடங்களில் அப்படிப்பட்ட குதிப்பு வந்தால் புள்ளியைச் சந்தேகியுங்கள்.

குறிப்பைப் பார்த்துச் சரியாகத்தான் பாடுகிறேன். ஆனால் பாட்டு உயிரில்லாமல் ஒலிக்கிறது. ஏன்?

கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் விதம், தாளில் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

தோடி ராகத்தில் க2 என்று எழுதியிருக்கும். ஆனால் பாடும்போது அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்தியமத்தின் பக்கமும் அசைந்துகொண்டே இருக்கும். கரகரப்பிரியாவிலும் அதே க2தான், ஆனால் அசைவு வேறு. மாயாமாளவகௌளையின் க3 ஏறத்தாழ அசையாமல் நிற்கும். தாளில் மூன்றும் ஒரே 'க'. தோடியின் காந்தாரத்தை ஹார்மோனியக் கட்டையை அழுத்தியதுபோல் நேராகப் பிடித்தால் எழுத்துப்படி சரி, ராகம் மட்டும் அங்கே இருக்காது.

கமகத்தையும் எழுதிவிட முடியுமா என்று பெரியவர்கள் முயன்றிருக்கிறார்கள். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள் என்று தனித்தனிக் குறிகள் உண்டு. அது தமிழிலும் வந்திருக்கிறது. தீட்சிதர் கிருதி பாடுகிறவர்கள் கட்டாயம் பழகவேண்டிய நூல். ஆயினும், ஜாரு எந்த வேகத்தில் வழுக்கவேண்டும், கம்பிதம் எத்தனை தடவை அசையவேண்டும் என்பதைக் காதால்தான் வாங்கமுடியும்.

நடைமுறையில் செய்யவேண்டியது இது. ஆசிரியர் பாடும்போது எந்தச் சுரம் அசைகிறதோ அதன்மேல் பென்சிலால் சிறு அலைக்கோடு, எது வழுக்கி வருகிறதோ அதன் முன்னால் சாய்கோடு போடுங்கள். பேனையால் எழுத வேண்டாம். ஆறு மாதத்தில் நீங்கள் கேட்கும் விதம் மாறும், குறியும் மாறும்.

ஒரே கிருதி இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது. எது சரி?

பெரும்பாலும் இரண்டும் சரி. தியாகராஜர் தம் கிருதிகளைச் சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று சீடர் பரம்பரைகள் பிரிந்தபோது சங்கதிகளும் பிரிந்தன. ஐரோப்பாவில் பேத்தோவன் (1770–1827) தம் கைப்படச் சுரங்களை எழுதி அச்சிடக் கொடுத்தார். அதனால் அங்கே 'மூலப் பிரதி எது' என்று தேடலாம். நம்மிடம் 'எந்தப் பாடாந்தரம்', அதாவது எந்தக் குரு பரம்பரையின் பாடம், என்றுதான் கேட்கவேண்டும். ஒரு கிருதியைத் தொடங்கினால் முடியும்வரை ஒரே பாடாந்தரத்தில் நில்லுங்கள். பல்லவியை ஒரு புத்தகத்திலிருந்தும் சரணத்தை யூரியூப்பிலிருந்தும் எடுத்து ஒட்டினால், அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் தடுக்கும்.

வரியின் தொடக்கத்தில் சுரமே இல்லாமல் அரைப்புள்ளி மட்டும் இருக்கிறதே?

அது அநாகத எடுப்பு. தாளத்தைத் தட்டித் தொடங்கி, இரண்டு மாத்திரை விட்டுப் பாடத் தொடங்கவேண்டும் என்று பொருள். அதைத் தாண்டிவிட்டுத் தட்டோடு பாட்டையும் தொடங்கினால் எல்லா அசைகளும் அரை அட்சரம் முன்னால் விழும். தனியாகப் பாடும்போது தெரியாது. மிருதங்கம் சேர்ந்தவுடன் தெரியும்.

ஒரு புதிய உருப்படியைத் தாளிலிருந்து எந்த ஒழுங்கில் படிக்கவேண்டும்?

தம்புரா செயலியைத் திறந்து சுருதியைச் சேருங்கள். ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை மூன்று காலத்தில் (வேகத்தில்) பாடுங்கள். பிறகு பாடாமலே, தாளம் போட்டுச் சுரங்களை வாயால் சொல்லுங்கள், வெறும் பேச்சுக்குரலில். இந்தப் படியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பிறகு சுருதியும் தாளமும் சொல்லும் ஒன்றாகத் தலையில் ஏறி ஏதாவது ஒன்று நழுவும். கணக்குச் சரியாக விழுந்த பிறகு சுரத்தைப் பாடுங்கள். அது உறுதியான பிறகே சாகித்தியம்.

ஒரு இருப்புக்கு இரண்டு ஆவர்த்தனம் போதும். மறுநாள் கொப்பியை மூடிவைத்து அந்த இரண்டையும் பாடிப்பார்த்துவிட்டு மூன்றாவதுக்குப் போங்கள். கொப்பியைத் திறந்து வைத்தே மாதக்கணக்கில் பாடுகிறவருக்குப் பாடம் ஏறாது, கண் வாசித்துக்கொண்டிருக்கும்வரை காது ஓய்வெடுக்கும்.

பிள்ளை கீபோர்ட் படிக்கிறான். ஐந்து கோட்டுக் குறிப்பும் நம் குறிப்பும் சேர்த்துப் படித்தால் குழம்புமா?

குழம்பாது, ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிக் கொடுத்தால். ஐந்து கோட்டில் ஒவ்வொரு கோடும் இடைவெளியும் நிலையான ஒலியைக் குறிக்கும். நம் முறையில் சட்ஜம் பாடகருக்கேற்ப நகரும். 1 கட்டை என்பது கீபோர்டில் சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. பெண்பிள்ளைகள் பலர் 5, 5½ கட்டையிலும், ஆண்கள் 1, 2 கட்டையிலும் பாடுவார்கள். அதே 'ச ரி க ம' எழுத்துக்கள் எல்லோருக்கும் பொருந்தும். ஐந்து கோட்டில் எழுதினால் சுருதி மாறும்போது மாற்றி எழுதவேண்டும்.

சட்ஜத்தை சி-யில் வைத்தால் சங்கராபரணம் வெள்ளைக் கட்டைகள் மட்டுமே, அங்கே 'மேஜர்' என்பது. கீரவாணி 'ஹார்மொனிக் மைனர்'. கல்யாணிக்கு எஃப்-ஐ விட்டு அதன் மேலுள்ள கறுப்புக் கட்டை. இவ்வளவு தெரிந்தால் பிள்ளைக்கு இரண்டு உலகமும் திறக்கும். முத்துசாமி தீட்சிதரே ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் செய்தவர். பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' சங்கராபரணத்தில் பாடப்படும் நோட்டுஸ்வரம். இரண்டு குறிப்பு முறையையும் ஒரே நாளில் பழக அதைவிட நல்ல பாட்டு இல்லை. கமகம் இல்லாததால் கீபோர்டிலும் குறையின்றி ஒலிக்கும்.

தோடியையும் பைரவியையும் சாதாரணக் கீபோர்டில் படிக்க வைக்காதீர்கள். கட்டைக்குக் கட்டை தாவும் வாத்தியத்தில் அந்த அசைவு வராது.

கோணேசர் தேவாரத்துக்குச் சுரக் குறிப்பு உண்டா?

திருஞானசம்பந்தர் பாடிய 'நிரைகழல் அரவம்' பதிகம் மூன்றாம் திருமுறையில் 123ஆவது. பண் புறநீர்மை. சம்பந்தர் காலத்துச் சுரக் குறிப்பு எதுவும் வந்து சேரவில்லை. பண்ணின் பெயரும் ஓதுவார் மரபும்தான் வந்திருக்கின்றன. புறநீர்மையைப் பூபாள ராகத்தில் பாடுவது அந்த மரபில் உள்ளது. இன்று கொப்பிகளில் காணும் சுரவரிகள் பிற்காலத்தவர் அந்த ராகத்தை வைத்து எழுதியவை. கோயிலில் பாடுகிறவர்கள் 'கோணமா மலையமர்ந் தாரே' என்ற முடிவடியை அது வரும் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இறக்கப் பழகுங்கள். கூட்டாகப் பாடும்போது சிதறுவது அந்த இடத்தில்தான்.

பழந்தமிழ்ப் பண்களின் கணக்கை ஆழமாகப் பார்க்க விரும்புவோர் விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) படிக்கலாம். காரைதீவில் பிறந்து, நம் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் அதிபராயிருந்தவர் அவர். கணிதம் தெரிந்தவருக்கு அந்நூல் இன்னும் இனிக்கும்.

சுரங்களை எழுதும் பழக்கம் எவ்வளவு பழையது?

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைக் கல்வெட்டில் சுரங்கள் நான்கு நான்காகப் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதை ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்வர். அச்சுப் புத்தகமாகச் சுரதாளக் குறிப்பு பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். சின்னசாமி முதலியார் 1893இல் சென்னையில் நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டிலேயே அச்சிட்டார்.

நம் ஊர் ஈரத்தில் கொப்பிகளும் பழைய தாள்களும் கெட்டுப்போகின்றன. என்ன செய்வது?

கடலை ஒட்டிய வீடுகளில் இரண்டு பகை: மாரிகால ஈரமும் உப்புக் காற்றும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையோடு வரும் மழையில் தாள் ஈரத்தை உறிஞ்சி அலையலையாகும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், கறையான் அங்கிருந்துதான் ஏறும். மழை விட்டுக் காய்ந்த நாளில் நிழலில் பக்கம் பக்கமாக விரித்துக் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் மை வெளிறித் தாள் முறியும்.

ஸ்டேப்ளர் கம்பி இங்கே ஒரு வருடத்துக்குள் துருவேறும். துரு தாளைத் தின்று, மூலையிலிருந்த சுரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். நூலால் தைத்துக் கட்டுங்கள். போட்டோக்கொப்பித் தாளை மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டால் கச்சான் காலத்து வெக்கையில் மை உறையோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது எழுத்து உறையில், வெறுந்தாள் கையில். உறை வாங்கினால் பொலிபுரொப்பிலீன் என்று போட்டதை வாங்குங்கள். கைப்பிரதியை லேமினேட் செய்யவே வேண்டாம். பிறகு பிரிக்கமுடியாது, பென்சில் குறியும் போடமுடியாது. ஜெல் பேனையும் இங்ஜெட் அச்சும் ஒரு துளி தண்ணீரில் கரையும். பென்சிலும் லேசர் அச்சும் நிற்கும்.

போனில் படமெடுத்து வைத்தால் போதாதா?

போதும், ஒழுங்காக எடுத்தால். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து எடுங்கள். சாய்ந்து எடுத்தால் ஓரத்திலுள்ள ஸ்தாயிப் புள்ளிகள் மங்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், புள்ளியும் வேகக்கோடும்தான் முதலில் போகும். 'டொக்கியூமன்ட்' ஆக அனுப்புங்கள். கோப்புக்கு ராகம், தாளம், முதலடி என்று பெயரிடுங்கள். வெறும் இலக்கத்தோடு விட்டால் ஒரு வருடத்தில் தேடி எடுக்கமுடியாது.

பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிகள் உண்டு, ஆனால் மாற்றியபின் புள்ளி, கோடு எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். புதிதாகத் தட்டச்சு செய்கிறவர்கள் யுனிகோடில் செய்து, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள்.

புத்தகத்தைக் கொப்பி எடுக்கலாமா?

இலங்கையில் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோரின் உரிமை அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் நீடிக்கும். மும்மூர்த்திகளின் கிருதிகளுக்கு உரிமைத் தடை இல்லை. ஆனால் இன்றைய ஆசிரியர் ஒருவர் சுரப்படுத்தித் தொகுத்த புத்தகம் அவருடைய உழைப்பு. முழுப் புத்தகத்தையும் வகுப்புக்கே கொப்பி அடித்துக் கொடுப்பது சட்டப்படியும் பிழை, அடுத்த பதிப்பையும் வராமல் செய்துவிடும்.

மேலே படிக்க விரும்பினால்?

பாடசாலையில் கர்நாடக சங்கீதம் சாதாரண தரத்துக்குப் பாடமாக இருக்கிறது. வெளியே வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் உண்டு. பட்டப்படிப்புக்குக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் நமக்குக் கிட்டியது. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைப் பிரிவு இன்னொன்று. எதற்குப் போவதாயினும், பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு உருப்படியையும் சொந்தக் கையால் ஒருமுறை சுரதாளக் குறிப்போடு எழுதிப் பாருங்கள். எழுத்துப் பரீட்சையில் ஒரு வரியைத் தாள அங்கம் பிரித்து எழுதச் சொல்லும்போது, பாடத் தெரிந்த பிள்ளைகளே தடுமாறுவது அங்கேதான்.